லாரியில் இருக்கும் கம்ப்யூட்டர் யாருடையது?

“அனுப்பியாச்சு சார், வந்துக்கிட்டே இருக்கு.” மொத்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் குறைவு. முதல் வாரம் நம்புகிறோம். இரண்டாவது வாரம் குரல் உயர்கிறது. அதற்குப் பிறகு டீலர் போனை எடுப்பதில்லை. அட்வான்ஸ் அவரிடம் போய்விட்டது, மேஜை நாற்காலி போட்டாகிவிட்டது, சரக்கு எங்கே நிற்கிறது என்றுதான் தெரியவில்லை.

அப்போது எல்லோரும் கேட்பது “எப்போ வரும்?” என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. லாரியில் ஏறிவிட்ட அந்தச் சரக்கு இப்போது யாருடையது? வழியில் நசுங்கினால், மழையில் நனைந்தால், இரண்டு பெட்டி குறைந்தால் அது யார் தலையில் விழும்? இதற்கான பதில் ஆர்டர் கொடுத்த அன்றே, ஒரு தாளில், பல சமயம் நாம் படிக்காத ஒரு வரியில் முடிவாகிவிடுகிறது. அந்த வரியை வாசகர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெயங்கொண்டத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் வந்து சேர்வார்கள் என்பது கணக்கு. கடைவீதியில் மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, திருச்சி டீலரிடம் 20 டெஸ்க்டாப், ஒரு சர்வர், 10 கே.வி.ஏ. யு.பி.எஸ்., அதற்கான பேட்டரி என ஆர்டர் கொடுத்து, பாதிப் பணமும் கட்டிவிட்டார். சொன்ன தேதியில் 14 சிஸ்டம் வந்தது. மானிட்டர் 12தான். யு.பி.எஸ். வந்தது, பேட்டரி வரவில்லை. சர்வர் பற்றிப் பேச்சே இல்லை. பார்த்தால் பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. ஆனால் வகுப்பு ஒன்றுகூட நடத்த முடியாது.

ஏன் இப்படித் துண்டு துண்டாக வருகிறது? உங்கள் டீலரிடம் 20 கம்ப்யூட்டர் இருப்பில் இருக்காது. உங்கள் அட்வான்ஸை வைத்துத்தான் அவர் மேலே ஆர்டர் போடுகிறார். டெஸ்க்டாப் சென்னையில் உள்ள விநியோகஸ்தரிடமிருந்து வரும். யு.பி.எஸ். வேறு கம்பெனி. பேட்டரி இன்னொரு கம்பெனி, பதினாறோ இருபதோ கனமான பெட்டிகள். அவற்றைக் கம்ப்யூட்டரோடு ஒரே வண்டியில் ஏற்ற லாரி ஆபீஸில் யோசிப்பார்கள். சர்வர் என்பது பெரும்பாலும் ஆர்டர் வந்த பிறகு மெமரி, டிஸ்க் எல்லாம் பொருத்தி அனுப்பப்படும் பொருள். ஒரே பில்லில் இருப்பவை நாலு இடத்திலிருந்து கிளம்புகின்றன.

வந்து சேரும் வழியும் நம் ஊருக்குச் சாதகமாக இல்லை. ஜெயங்கொண்டத்தில் ரயில் நிலையம் கிடையாது, ரயிலென்றால் அரியலூர்தான். சரக்கு வருவது சாலை வழியாகத்தான். சென்னையில் ஏற்றிய பார்சல் திருச்சியிலோ கும்பகோணத்திலோ இறங்கி, வேறு வண்டிக்கு மாறி, ஊருக்குப் போதிய லோடு சேரும்வரை கோடவுனில் கிடந்து பிறகு வரும். ஒரு முறை இறக்கி ஏற்றினால் ஒரு முறை அடிபடும் வாய்ப்பு. பெரிய நகரத்துக்காரருக்கு இல்லாத இரண்டு மூன்று கை மாறுதல்கள் நமக்கு உண்டு.

இதற்கும் மேலே, நம் கையிலும் டீலர் கையிலும் இல்லாத காரணங்கள். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறி, பல மாதம் தட்டுப்பாடு நீடித்தது. 2020-க்குப் பிறகு கொரோனாவும் சிப் பற்றாக்குறையும். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு லேப்டாப், டேப்லெட், சர்வர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அறிவித்து, பிறகு தள்ளிவைத்து, அனுமதி முறையாக மாற்றியது. 2025 இறுதியில் மெமரி சிப்பின் முறை வந்தது: செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை ஏறியது, மைக்ரான் கம்பெனி, சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த தன் ‘க்ரூஷியல்’ வணிகத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. கொட்டேஷனில் “இந்த விலை 7 நாள் மட்டும்” என்று டீலர் எழுதுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் ஆர்டர் எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியது. பணம் வாங்கிய பிறகு சொல்வதற்கு அல்ல.

தமிழ்நாடு பார்த்த மிகப் பெரிய கம்ப்யூட்டர் ஆர்டர் நம் பிள்ளைகளுக்காகப் போடப்பட்டதுதான். 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. முதல் சுற்றே 9 லட்சத்துக்கும் மேல். லட்சக்கணக்கில் வாங்கும்போது ஒரே நாளில் எல்லாம் வராது. பல கம்பெனிகளுக்கு ஆர்டர் பிரியும், தவணை தவணையாகத் தயாராகும், சோதித்து வாங்கி மாவட்டத்துக்கு அனுப்பி, பள்ளியில் பூட்டிய அறையில் வைத்து, பட்டியல் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் தடங்கினால் பின்னால் உள்ள எல்லாம் நிற்கும்.

அப்படி நின்றதன் வலியை 2017-18இல் பிளஸ் டூ முடித்த மாணவர்கள் அனுபவித்தார்கள். மடிக்கணினி வராமலேயே பள்ளியை விட்டுப் போனார்கள். 2019இல் தங்களுக்குப் பின்னால் படிப்பவர்களுக்குக் கொடுப்பதைப் பார்த்ததும், மாநிலத்தின் பல ஊர்களில் பழைய மாணவர்கள் பள்ளி வாசலிலும் சாலையிலும் உட்கார்ந்தார்கள். மேற்படிப்பு படிப்பவர்கள் சான்று கொண்டுவந்தால் தருவோம் என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. கல்லூரி முதல் வருடம் முழுக்க அந்தப் பொருள் தேவைப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களது கோபம் முற்றிலும் நியாயமானது என்றே நினைக்கிறேன். தாமதத்தைக்கூடப் பொறுத்திருப்பார்கள், எப்போது, கிடைக்குமா கிடைக்காதா என்று யாரும் சொல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. கொரோனாவுக்குப் பிறகு நின்றுபோன இந்த விநியோகத்துக்கு மாற்றாக, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி தரப்படும் என்று 2025 மார்ச் 14 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

அந்த மாணவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஒப்பந்தம் அரசுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது; மாணவர் கையில் எந்தத் தாளும் இல்லை. அதனால் சாலைக்கு வருவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. பணம் கொடுத்து வாங்கும் உங்கள் கையில் தாள் இருக்கிறது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் இனி பேச்சு.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. வெளியூர் வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி ஏற்பாடு இருந்தால், விற்பவர் சரக்கை லாரிக்காரரிடம் ஒப்படைத்ததையே உங்களிடம் ஒப்படைத்ததாக அந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு முதல் நோக்கில் எடுத்துக்கொள்கிறது. சொத்து யாருடையதோ ஆபத்தும் அவருடையது என்கிறது 26ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது அதிர்ச்சி தரும் விஷயம்: நீங்கள் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவில்லை என்றால், திருச்சி லாரி ஆபீஸில் எல்.ஆர். (லாரி ரசீது) போட்ட நிமிடத்திலிருந்து அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் உங்களுடையவை. உடையார்பாளையம் தாண்டும் முன் லாரி கவிழ்ந்தால், டீலர் மீதிப் பணத்தைக் கேட்கும் உரிமையோடு நிற்பார்.

இதை மாற்றுவதற்கு ஒரு வரி போதும். வியாபாரத்தில் அதை எப்.ஓ.ஆர். என்பார்கள். கொட்டேஷனில் “எப்.ஓ.ஆர். திருச்சி” என்றோ “எக்ஸ் கோடவுன்” என்றோ இருந்தால், அங்கிருந்து கிளம்பியதும் வாடகையும் ஆபத்தும் உங்களுடையவை. “எப்.ஓ.ஆர். ஜெயங்கொண்டம்” என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். அதோடு நிற்காமல், “ஜெயங்கொண்டம் இன்ன தெரு, இன்ன கட்டடம், முதல் மாடியில் இறக்கி எண்ணிக்கை சரிபார்க்கும்வரை சரக்கின் பொறுப்பு விற்பவருடையது” என்று தமிழிலேயே ஒரு வரி சேர்க்கலாம். எப்.ஓ.ஆர். என்பது வாடகையை மட்டும்தான் குறிக்கும் என்று பிறகு யாரும் வாதிட முடியாது. டீலர் இதற்கு நூறோ ஆயிரமோ கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம். கொடுக்க வேண்டிய பணம் அது.

மாடி என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. “டோர் டெலிவரி” என்றால் லாரிக்காரருக்கு உங்கள் வாசல் முன் தெரு என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் லோடுமேன் கூலி உங்களுடையது. பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் வாங்கும் முழு அளவு சர்வர் ரேக் ஆறரை அடி உயரம் வரும். வெறும் இரும்புக் கூடே நாலைந்து பேர் தூக்கும் கனம். கடைவீதி மாடிப்படியின் திருப்பத்தில் அது திரும்பாது. வாசல் உயரம், படியின் அகலம் இரண்டையும் அளந்து ஆர்டரோடு கொடுத்துவிட்டால், தெருவில் ரேக்கை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்யும் நிலை வராது.

தேதி அடுத்த விஷயம். “2 முதல் 3 வாரம்” என்ற வாசகத்துக்குச் சட்டத்தில் பலம் குறைவு. எந்த நாளிலிருந்து மூன்று வாரம் என்ற கேள்வியே தீராது. நாளைக் குறிப்பிடுங்கள். வகுப்பு தொடங்கும் தேதியையும் ஆர்டரிலேயே எழுதி, “இந்தத் தேதி ஒப்பந்தத்தின் முக்கிய அம்சம்; தவறினால் ஆர்டரை ரத்து செய்து அட்வான்ஸைத் திரும்பப் பெறலாம், தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் அரை சதவீதம் கழிக்கலாம்” என்று சேருங்கள். இது நாமாகக் கற்பித்த கடுமை இல்லை. அரசு அலுவலகங்கள் வாங்கும் ஜெம் தளத்தில் தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் என்பதுதான் நடைமுறை. அரசு தனக்கு எழுதிக்கொள்வதைப் பயிற்சி மையக்காரரும் எழுதிக்கொள்ளலாம்.

பணத்தை முழுதாகக் கட்டிவிடாதீர்கள். முன்பணம் கொஞ்சம், சரக்கு வந்து எண்ணிய பிறகு பெரும்பங்கு, பொருத்தி ஓட்டிக் காட்டிய பிறகு மீதி என்று பிரியுங்கள். கடைசி 10 சதவீதம் உங்கள் கையில் இருக்கும்வரை டீலர் உங்கள் போனை எடுப்பார். முழுப் பணத்துக்கு 2 சதவீதம் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். என் கணிப்பில், பெரிய ஆர்டரில் இதைவிட மோசமான பேரம் வேறில்லை.

“அனுப்பியாச்சு” என்ற வார்த்தையைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கும், வெளிமாநிலத்திலிருந்து வருவதென்றால் 50 ஆயிரத்துக்கு மேற்பட்டதும் இ-வே பில் இல்லாமல் சாலையில் ஓட முடியாது. அந்த பில்லின் நகலை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அதன் இரண்டாம் பகுதியில் வண்டி எண் இருக்கும். அது காலியாக இருந்தால் சரக்கு பெரும்பாலும் இன்னும் தூர வண்டியில் ஏறவில்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அந்த பில் உயிரோடு இருக்கும். சென்னையிலிருந்து நம் ஊர் சுமார் 240 கிலோமீட்டர், ஆக இரண்டு நாள். அதற்கு மேல் ஆகியும் வரவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த ஊர் கோடவுனில் கிடக்கிறது?” எல்.ஆர். நகலையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை “பெய்டு” என்றிருக்கிறதா “டூ பே” என்றிருக்கிறதா என்று பாருங்கள். “ஓனர்ஸ் ரிஸ்க்” என்று முத்திரை குத்தியிருந்தால், காப்பீடு யார் எடுத்தார்கள் என்று அன்றே கேட்க வேண்டும். லாரியில் போகும் சரக்குக்கும் மரைன் பாலிசி என்ற பெயரில்தான் காப்பீடு கிடைக்கும்.

சரக்கு இறங்கும் அரைமணி நேரம்தான் முழு விவகாரத்திலும் முக்கியமானது. அதை நிதானமாகப் பார்ப்போம்.

லாரி தெருவில் நிற்கிறது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. டிரைவருக்கு அடுத்து ஆண்டிமடமோ மீன்சுருட்டியோ போக வேண்டும். ஒரு தாளை நீட்டி “இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்” என்கிறார். அந்தத் தாளில் “சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது” என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு உடைந்த மானிட்டருக்கு டீலர் லாரிக்காரரைக் காட்டுவார்; லாரிக்காரர் உங்கள் கையெழுத்தைக் காட்டுவார்.

கையெழுத்துக்கு முன் பெட்டிகளை எண்ணுங்கள். எல்.ஆர். எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் மூலைகளைப் பாருங்கள். மானிட்டர் உடைவது பெரும்பாலும் மூலையில் விழுந்துதான். மேல்நோக்கிய அம்புக்குறி பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறதா, அடியில் ஈரக்கறை இருக்கிறதா, கம்பெனி டேப்புக்கு மேல் சாதாரண பிரவுன் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் பெட்டியில் சில சமயம் சிறிய ஷாக் ஸ்டிக்கர் இருக்கும். பலமான அதிர்ச்சி பட்டிருந்தால் அது சிவப்பாக மாறியிருக்கும். குறை தெரிந்தால் டிரைவரிடம் சண்டை போட வேண்டாம். அவர் தாளிலும் உங்கள் நகலிலும் ஒரே வாசகத்தை எழுதுங்கள்: “2 பெட்டி குறைவு. 3 பெட்டியின் மூலை நசுங்கியுள்ளது. உள்ளே சோதிக்கவில்லை.” தேதி, நேரம், வண்டி எண்ணோடு கையெழுத்திட்டு, தாளையும் பெட்டிகளையும் வண்டியின் முன்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். குறையே தெரியாவிட்டாலும் “உள்ளே சோதிக்கவில்லை” என்ற இரண்டு சொல்லை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு பெட்டியைத் திறப்பது. ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போது இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், பில்லில் உள்ளது, மெஷினின் முதுகில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். மெஷினை ஓட்டி, பில்லில் 16 ஜி.பி. ரேம் என்றிருந்தால் திரையில் 16 காட்டுகிறதா, பிராசசர் நீங்கள் கேட்ட தலைமுறைதானா, விண்டோஸ் உரிமம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 20 மெஷினையும் பார்க்க வேண்டும். மேலே இரண்டைப் பார்த்துவிட்டு மற்றதை நம்புவதில்தான் ஏமாற்றம் நுழைகிறது.

இதற்கு ஏன் அவசரம்? சோதித்துப் பார்க்க உங்களுக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது விற்பனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஆனால் நியாயமான காலத்துக்குள் “எனக்கு வேண்டாம்” என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும் என்கிறது 42. ஜெம் தளத்தில் வாங்கும் அரசுப் பள்ளி, ஊராட்சி அலுவலகங்களுக்கு ஏற்புச் சான்று தர 10 நாள்தான். ஆகவே குறையை இரண்டு மூன்று நாளுக்குள் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். போனில் சொன்னது நிற்காது. வேண்டாம் என்று சொன்ன பொருளை உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. மறுத்ததைத் தெரிவித்தால் போதும், எடுத்துப் போவது விற்றவர் பொறுப்பு என்பது 43ஆம் பிரிவு. “நீங்களே பார்சல் போட்டு அனுப்புங்க” என்று டீலர் சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பாதிச் சரக்கு வந்தால்? 20 கேட்ட இடத்தில் 14 வந்தால் முழுவதையும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 14ஐ ஏற்றால் 14க்கான பணம் கொடுக்க வேண்டும். தவணையாக அனுப்புவதற்கு நீங்கள் சம்மதிக்காவிட்டால் அப்படி வாங்கிக்கொள்ளும் கட்டாயமும் இல்லை. நடைமுறையில் யாரும் 14ஐத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் வேண்டாம். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே பில்லுக்கு உரிய சரக்கு தவணையாக வந்தால், கடைசித் தவணை வந்த பிறகுதான் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியும். 20 சிஸ்டத்துக்கு ஒரே பில் போட்டு, இரண்டு மானிட்டர் பாக்கி நின்றால், மொத்தத் தொகையின் 18 சதவீத வரியும் அந்த இரண்டு மானிட்டருக்காகக் காத்துக் கிடக்கும். ஒவ்வொரு தவணைக்கும் தனி பில் கேளுங்கள். வாரண்டியும் பல கம்பெனிகளில் பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பேட்டரி வராமல் இரண்டு மாதம் யு.பி.எஸ். பெட்டியிலேயே கிடந்தால் அந்த இரண்டு மாத வாரண்டி போயிற்று. “பொருத்திய நாளிலிருந்து வாரண்டி” என்று கடிதம் வாங்க வேண்டியது அந்த நேரத்தில்தான், பழுது வந்த பிறகு அல்ல.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்கூடத் தவறவிடுவது இது. தேதி முக்கியம் என்று எழுதிய ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த சரக்கை நீங்கள் பேசாமல் வாங்கிக்கொண்டால், அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வாங்கும்போதே, “தாமதத்தால் வந்த நஷ்டத்தைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்” என்று தெரிவித்திருந்தால் உரிமை நிற்கும். லாரி வருவதற்கு முந்தின நாளோ வந்த அன்றோ டீலருக்கு ஒரு மின்னஞ்சல், இரண்டு வரி. அவ்வளவுதான் வேண்டியது.

குறை லாரிப் பயணத்தில் நேர்ந்தது, ஆபத்தும் உங்களுடையது என்றால், சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் (2007) பொருந்தும். சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் தராவிட்டால் வழக்கே போட முடியாது. இறங்கிய நாளிலிருந்து இல்லை, புக் செய்த நாளிலிருந்து. சரக்கின் மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், அவர்களது பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும் என்பது விதி. 3 ஆயிரம் ரூபாய் வாடகைக்கு வந்த சரக்கில் எவ்வளவு உடைந்தாலும் 30 ஆயிரம்தான். எப்.ஓ.ஆர். வரியையும் காப்பீட்டையும் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

இத்தனைக்குப் பிறகும் டீலர் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். இங்கே முதல் தடை, “நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் இல்லை” என்ற எதிர்வாதம். இது நம் மாநிலத்தோடு தொடர்புள்ள ஒரு வழக்கில்தான் விரிவாகப் பேசப்பட்டது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் நிறுவனத்திடம், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரத்துக்கு மகாராஷ்டிர நிறுவனம் ஒன்று ஆர்டர் கொடுத்தது. ஆறு மாதம் தாமதமாக வந்தது, வந்ததிலும் குறை என்பது வாங்கியவரின் புகார். 1995இல் உச்ச நீதிமன்றம், இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று தீர்த்தது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொரு கதவைத் தெளிவாகத் திறந்து வைத்தது. தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே உட்கார்ந்து பிறருக்குத் தட்டச்சு செய்து பிழைப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோரே. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர் நுகர்வோர் என்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் வைத்துக்கொண்டிருக்கிறது. வணிக நோக்கம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தானே பாடம் நடத்தும் பயிற்சி மையக்காரரும், தானே உட்கார்ந்து வேலை செய்யும் ஜெராக்ஸ், இ-சேவைக் கடைக்காரரும் இந்தப் பக்கம் நிற்கலாம். இயந்திரம் கூடக்கூட, சம்பள ஆட்கள் கூடக்கூட வாதம் மெலியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு கிளை நடத்தும் நிறுவனம் இதில் நேரத்தை வீணாக்காமல் சிவில் வழிக்குப் போவது நல்லது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால், அவசரத் தடை கேட்காத பட்சத்தில், வழக்குக்கு முன் சட்டப் பணிகள் ஆணையத்தில் சமரசப் பேச்சு கட்டாயம். பல விவகாரங்கள் அங்கேயே முடியவும் கூடும்.

இணையதளத்தில் வாங்கியிருந்தால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூடுதல் பலம். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்றவை மட்டும் விலக்கு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். சில கம்பெனிகள் அதற்கே அசையும். பிறகு 15 நாள் கெடு வைத்து டீலருக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லையென்றால் அரியலூர் மாவட்ட ஆணையம். டீலர் திருச்சியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவோடு ஆர்டர் தாள், பணம் கட்டிய வங்கிப் பதிவு, எல்.ஆர். நகல், குறிப்பு எழுதிய டெலிவரித் தாள், போட்டோ, மின்னஞ்சல்கள் எல்லாம் போக வேண்டும். மன உளைச்சல் என்று ஒரு தொகை போடுவதோடு விட்டுவிடாதீர்கள். பூட்டிக் கிடந்த மாடிக்குக் கட்டிய வாடகை ரசீது, மாணவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த கட்டணத்தின் கணக்கு, அவசரத்துக்கு வெளியில் வாங்கிய நாலு கம்ப்யூட்டரின் பில்லும் அதே ரகத்துக்கு டீலர் சொன்ன விலையும் என்று தனித்தனியாக இணையுங்கள். ஆணையம் தொகையை முடிவு செய்வது அந்த ரசீதுகளைப் பார்த்துத்தான்.